எவ்வளவு தெரியும் என்று யார் சொல்வது?

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ 1998இல் வெளிவந்தது. ஓரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும் டைம்லரின் லாரி ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. வல்லம் வடகாலில் யமஹா, சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், இவற்றுக்கெல்லாம் உதிரிபாகம் செய்துதரும் சின்னதும் பெரியதுமான நிறுவனங்கள் என்று வரிசை நீள நீள, கொரியன், ஜப்பானியம், ஜெர்மன், மாண்டரின் தெரிந்தவர்களுக்கு இந்த வட்டாரத்தில் வேலை கிடைக்கத் தொடங்கியது. அந்த வேலைக்காக மொழி படித்தவர்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், அவர்களைத் தேர்ந்தெடுத்துப் பணியில் அமர்த்தியவர்கள் ஆகியோர்தான் நம் வாசகர்கள். மூன்று தரப்பும் ஒரே கேள்வியைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த மொழி எனக்கு, அல்லது இவருக்கு, எந்த அளவுக்குத் தெரியும்?

கேள்வி பழையது. வகுப்பறையில் மாணவர் தவறினால் ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். ஒசாகாவிலோ சியோலிலோ வாழ்பவர் தவறாகப் பேசினால் எதிரில் நிற்பவரின் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஓரகடத்தில் லைனில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் தவறினால் யாருக்குத் தெரியும்? ஜப்பானிய நிபுணருக்குத் தமிழ் தெரியாது. டூல்ரூம் மேஸ்திரிக்கு ஜப்பானியம் தெரியாது. மேனேஜருக்கு இரண்டு பக்கமும் ஆங்கிலத்தில் பாதி பாதிதான் புரிகிறது. நடுவில் நிற்பவர் ஒருவர்தான் இரண்டையும் கேட்டவர். விட்டுப்போனது எது என்று அவருக்குத் தெரிந்தால்தான் உண்டு. அவருக்கும் தெரியவில்லை என்றால் அது யாருக்கும் தெரியாமலே பாகத்துக்குள் போய்விடும். ஆகவே, தன் மொழித்திறனைத் தானே மதிப்பிடுவது இந்த வட்டாரத்தில் படிப்புக்கான துணைக்கருவி மட்டும் இல்லை. தரக் கட்டுப்பாட்டின் ஒரு பகுதி. நாம் அதை அப்படி நடத்தவில்லை என்பதுதான் இந்த இதழில் நான் சொல்ல விரும்புவது.

நம்மில் பலரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி இது. பிரஸ் ஷாப்பில் புது டைக்கு டிரையல் நடக்கிறது. வெட்டி வந்த தகட்டின் ஓரத்தில் பிசிறு. நிபுணர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிதானமாக நாலு வாக்கியம் பேசுகிறார். பிசிறு குறையாவிட்டாலும் கிளியரன்ஸைத் தொட வேண்டாம், முதலில் கட்டிங் எட்ஜ் மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அதைத் தீட்டிய பிறகும் பிசிறு இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்பது அவர் சொன்னது. தமிழில் வந்தது: “பிசிறு இருக்குதாம். கிளியரன்ஸையும் எட்ஜையும் பார்க்கச் சொல்றார்.” சொற்கள் எல்லாம் வந்துவிட்டன. எதை முதலில் செய்வது, எதைத் தொடக்கூடாது என்ற இரண்டும் வரவில்லை. மேஸ்திரி தலையாட்டுகிறார், நிபுணரும் தலையாட்டுகிறார், மொழிபெயர்ப்பாளருக்கும் நிம்மதி. அன்று மாலை அவரிடம் “இன்னிக்கு எப்படிப் போச்சு?” என்று கேட்டால் நன்றாகப் போனது என்றே சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. சொற்கள் புரிந்ததால் எல்லாம் புரிந்ததாக உண்மையிலேயே நினைக்கிறார்.

இதற்குச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். பயோடேட்டாவில் ‘என்-3’, ‘என்-2’, ‘டோபிக் லெவல் 4’ என்று எழுதியிருந்தால் அத்தோடு நேர்காணலில் மொழி பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. ஜப்பானிய மொழியின் ஜேஎல்பிடி தேர்வு 1984இல் தொடங்கியது. என்-5 முதல் என்-1 வரையிலான இப்போதைய ஐந்து நிலைகள் 2010இல் வந்தன. அதில் பேச்சுத் தேர்வு கிடையாது, எழுத்துத் தேர்வும் கிடையாது. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். என்-2க்கு 180க்கு 90 எடுத்தால் போதும்; மூன்று பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 60க்கு 19 குறைந்தபட்சம். கேட்டல் பிரிவில் 19 மட்டும் எடுத்துவிட்டு, மீதியை வாசிப்பிலும் இலக்கணத்திலும் ஈடுகட்டித் தேறிவிடலாம். நாள் முழுவதும் காதால் மட்டுமே பிழைக்க வேண்டிய வேலைக்கு அந்தச் சான்றிதழோடு ஒருவர் வந்து நிற்கிறார். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, பிரிவுவாரியான மதிப்பெண்ணைக் கேட்காமலே ஆளெடுக்கும் நிறுவனங்களை எனக்குத் தெரியும்.

கொரிய மொழியின் டோபிக் தேர்வு 1997இல் தொடங்கியது. அதற்கான தனிப் பேச்சுத் தேர்வு வந்ததே 2022இல்தான். டோபிக் மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் வரைதான் செல்லும். ஜேஎல்பிடி சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. ஒவ்வொரு வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அடுத்த காலிபரேஷன் தேதி ஒட்டியிருக்கும் ஆலைக்குள், பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய மொழிச் சான்றிதழை மறுபடி சோதிக்காமலே பயன்படுத்துகிறோம்.

தேர்வுகளைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. சென்னையில் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற மொழிப் பயிற்சி நிலையங்கள் பல்லாண்டுகளாகச் செய்துவரும் வேலை இல்லையென்றால் நம்மில் பாதிப் பேர் இந்தத் துறைக்கே வந்திருக்க மாட்டோம். தேர்வு அளப்பது ஒன்று, லைன் கேட்பது வேறொன்று. இடையில் உள்ள தூரத்தைக் கற்றவர் தானேதான் அளந்தாக வேண்டும்.

தமிழர்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட சிக்கல் ஒன்று உண்டு. ஜப்பானியமும் கொரியனும் வினையைக் கடைசியில் வைப்பவை. வேற்றுமை உருபு போன்ற ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஹோமர் ஹல்பர்ட் என்பவர் 1905இலேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் எழுதினார். சுசுமு ஓனோ என்ற அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. ஆனால் வாக்கிய அமைப்பில் உள்ள ஒற்றுமை கண்கூடு. இதனால் நம் மாணவர்கள் ஆறு மாதத்திலேயே தடங்கலில்லாமல் வாக்கியம் கோக்கிறார்கள், ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்களைவிடச் சரளமாகத் தோன்றுகிறார்கள். பாராட்டும் கிடைக்கிறது. அந்தச் சரளத்தையே தேர்ச்சியாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வரைபடத்தின் ஓரத்தில் கையால் எழுதிய காஞ்சி எழுத்துக் குறிப்பை அந்தச் சரளம் வாசித்துக் கொடுக்காது. கொரிய எழுத்துகளையோ சில நாளில் கற்றுக்கொள்ளலாம். போர்டில் இருப்பதை உரக்கப் படிக்க முடிந்தவுடன் ‘ரீடிங் ஓகே’ என்று தனக்குத்தானே டிக் போட்டுக்கொள்கிறோம். உச்சரிக்கத் தெரிந்ததற்கும் பொருள் தெரிந்ததற்கும் நடுவே ஓராண்டு உழைப்பு கிடக்கிறது.

எண்களில்தான் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். நமக்கு ஆயிரம், லட்சம், கோடி. அவர்களுக்குப் பத்தாயிரம்தான் அடிப்படை அலகு. இரு மொழியிலும் அது ‘மான்’. பத்து மான் நமக்கு ஒரு லட்சம், ஆயிரம் மான் ஒரு கோடி. அதற்கு மேல் ஜப்பானியத்தில் ‘ஓகு’, கொரியனில் ‘ஒக்’. அது நமக்குப் பத்துக் கோடி. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் எளிது. கூட்டத்தில் ஒருவர் “ஒரு ஓகு இரண்டாயிரம் மான் யென்” என்று சொல்லிவிட்டு நிற்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போகும்போது, பன்னிரண்டு கோடி என்று வாயில் வர வேண்டும். நன்றாகப் பேசுகிறவர்கள்கூட இங்கே ஒரு சுழியத்தை விட்டுவிடுகிறார்கள், அல்லது சேர்த்துவிடுகிறார்கள். கொரியனில் மணிக்கு ஒரு வகை எண், நிமிடத்துக்கு வேறு வகை எண். ஷிப்ட் நேரத்தை மாற்றிச் சொல்லிவிட்டால் பஸ் நிற்காது. நம் வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது: இன்று மாலையே சக ஊழியர் ஒருவரை இருபது எண்களை வேகமாக வாசிக்கச் சொல்லுங்கள். உற்பத்தி எண்ணிக்கை, விலை, மில்லிமீட்டரில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் என்று கலந்து வரட்டும். கேட்கக் கேட்கத் தமிழ் முறையில் எழுதுங்கள். தொடங்குமுன் எத்தனை சரியாக வரும் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். முடிவைவிட, குறித்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

முன்கூட்டிக் குறித்துவைக்கும் இந்த வழி புதிதல்ல. ஐரோப்பாவில் 14 மொழிகளுக்காக உருவாக்கிய டையலாங் என்ற இலவசச் சோதனை இதைத்தான் செய்தது. முதலில் உங்களால் என்ன முடியும் என்று உங்களையே கேட்கும், பிறகு சோதிக்கும், கடைசியில் இரண்டும் எங்கே விலகுகின்றன என்று காட்டி, ஏன் விலகியிருக்கலாம் என்றும் விளக்கும். சொல்வளத்துக்கு அது கையாண்ட முறை நமக்கு இன்னும் பயன்படும். உண்மையான வினைச்சொற்களுக்கு நடுவே, அந்த மொழியில் இல்லவே இல்லாத, ஆனால் இருப்பதுபோல் ஒலிக்கும் சொற்களையும் கலந்து வைத்து, எவையெல்லாம் உண்மையான சொற்கள் என்று கேட்கும். இல்லாத சொல்லுக்கும் ‘ஆம்’ என்றால் கணக்கு அதற்கேற்பக் குறையும். வெல்டிங், பெயின்ட், அசெம்பிளி என்று துறைவாரியாக நாமும் இப்படி ஒரு பட்டியல் தயாரிக்கலாம். தாய்மொழிக்காரர் ஒருவர் பார்த்துச் சரி சொன்னால் போதும். யாரையும் மாட்டிவைக்க இல்லை. பட்டியலைப் பார்த்ததும் தெரிந்ததுபோல் தோன்றும் மயக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அதைத் தனிமையில் கண்டுகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஸ்டீவன் ராஸ் என்ற ஆய்வாளர் 1998இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னதும் நமக்குச் சாதகமானது. தாம் உண்மையில் செய்து பழகிய வேலையைப் பற்றிக் கேட்டால் கற்பவர்கள் தம்மை ஓரளவு சரியாகவே மதிப்பிடுகிறார்கள். பொதுவாக ‘பேச்சுத் திறன் எப்படி’ என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். ஐரோப்பிய மொழித்தர வரையறை 2001இல் ஏ1 முதல் சி2 வரை ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற வாக்கியங்களாக எழுதப்பட்டது, ஜப்பான் ஃபவுண்டேஷனும் 2010இல் தன் தர அளவுகோலை அதே போக்கில் வகுத்தது. அந்த வாக்கியங்களில் கடை, ரயில் நிலையம், விருந்து எல்லாம் வரும். டை டிரையல் வராது. ஆகவே நம் வாக்கியங்களை நாமே எழுத வேண்டும். ‘கடந்த நாலு வாரத்தில், காலைக் கூட்டத்தில் சொன்ன குறைபாட்டின் காரணத்தைக் கேள்வி கேட்காமலே முழுதாகத் தமிழில் சொன்னேனா?’, ‘செய்யக்கூடாது என்று சொன்னதைச் செய்யக்கூடாது என்றே சொன்னேனா?’ என்ற அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். ‘முடியும்’ என்று எழுத இடமே கொடுக்கக்கூடாது. ‘செய்தேன், எப்போது’ என்று எழுத வைக்க வேண்டும்.

இதை நாம் யாரிடம் கற்க வேண்டுமோ அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இதே ஆலைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் தமிழ் கற்றுக்கொள்கிறார்கள். சான்றிதழ் இல்லை, நிலை எண் இல்லை. எவ்வளவு தமிழ் தெரியும் என்று கேட்டால், வாடகை பேசுவேன், பஸ்ஸில் கேட்டு ஏறுவேன், ஆஸ்பத்திரியில் சொல்லத் தெரியாது என்று பதில் வருகிறது. இதைவிடத் துல்லியமான தன்மதிப்பீட்டை நம் பயோடேட்டாக்களில் நான் பார்த்ததில்லை.

இனி நிர்வாகத்தினருக்கு. மொழிக்கென அலவன்ஸ் கொடுக்கும் நிறுவனங்கள் அதைச் சான்றிதழ் நிலையோடு கட்டிப்போடுகின்றன. என்-3 வாங்கியவர் என்-2 வாங்கும் வரை சம்பளம் ஏறாது. அதனால் வேலைக்கு வேண்டிய கேட்டல் பயிற்சியை விட்டுவிட்டு, தேர்வுக்கு வேண்டிய இலக்கணத்தில் இரவெல்லாம் கழிகிறது. அதைவிட மோசமானது, ‘புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று நிபுணரிடம் கேட்டவர் ஆண்டு மதிப்பீட்டில் பலவீனமானவராக எழுதப்படுவது. கேட்காமல் ஊகித்துச் சொன்னவர் கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார். இந்த நிலையில் எவரிடமும் நேர்மையான தன்மதிப்பீட்டை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. தன் குறையை எழுதிக் கொடுத்தவர் அதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார் என்று எழுத்தில் உறுதி கொடுக்காமல் எந்தப் படிவத்தையும் நீட்டாதீர்கள். இன்னொன்று: தம்மைக் குறைத்து எழுதுபவர்களையும் கவனியுங்கள். தெளிவாக மொழிபெயர்க்கும் பெண்கள் ‘இன்னும் பேசிக் லெவல்தான் சார்’ என்று ஒதுங்கிக்கொள்வதையும், அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாதவர் டேபிளின் தலைமாட்டில் உட்காருவதையும் பலமுறை கண்டிருக்கிறேன். இதுவும் அளவுக் கோளாறுதான், இதுவும் பாகத்தில்தான் போய் முடியும்.

மொழிபெயர்ப்பாளர்கள் நாளையிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நிபுணர் பேசி முடித்ததும் உடனே தமிழுக்குத் தாவாமல், புரிந்துகொண்டதை அவர் மொழியிலேயே ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். அவர் திருத்தினால் அந்தத் திருத்தத்தைச் சட்டைப்பை நோட்டில் குறியுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் எண்ணில் சறுக்குகிறீர்களா, எதிர்மறையில் சறுக்குகிறீர்களா, நிபந்தனை வாக்கியத்திலா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கூட்டம் அரை நிமிடம் நீளும். அந்த அரை நிமிடத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டியது மேனேஜர்களின் பொறுப்பு.

நம் துறைக்கான தன்மதிப்பீட்டு வாக்கியங்களை அடுத்த இதழில் வெளியிட விரும்புகிறோம். ஜப்பானியம், கொரியன், ஜெர்மன், மாண்டரின் எதுவானாலும், லைனிலும் டூல்ரூமிலும் கூட்டத்திலும் நீங்கள் உண்மையில் செய்ய நேர்ந்த மொழி வேலைகளை ஒரு வேலைக்கு ஒரு வாக்கியமாக எழுதி அனுப்புங்கள். சரியாக வராமல் போனவற்றையும் அனுப்புங்கள். உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ எங்களுக்கு வேண்டாம்.