லோனாவாலா லோக்கலுக்குத் தனித் தண்டவாளம்: புனே பயணிகளாகிய எங்கள் நிலைப்பாடு

புனேவுக்கு மெட்ரோ வந்ததை நாங்கள் முழுமனதாக வரவேற்றோம். 2022 மார்ச் 6 அன்று இரண்டு சிறு துண்டுகளாகத் தொடங்கிய அது, 2024 செப்டம்பரில் ஸ்வார்கேட் வரை சுரங்கத்தில் நீண்டு, சுமார் 33 கிலோமீட்டர் தடமாக வளர்ந்தது. அடுத்தடுத்த நீட்டிப்புகளுக்கும் ஒப்புதல் கிடைத்து வருகிறது. அவற்றில் எதையும் நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் இந்தப் பெருநகர் ரயிலுக்கென்று அடுத்து ஒதுக்கும் பெரும் பணம் எதற்குப் போக வேண்டும் என்று கேட்டால், புனே–லோனாவாலா தடத்தின் மூன்றாவது, நான்காவது தண்டவாளங்களுக்குத்தான் என்பதே எங்கள் பதில்.

இந்தத் தடத்தில் 1978 முதல் மின்சார லோக்கல் ஓடுகிறது. சுமார் 64 கிலோமீட்டர். சிவாஜிநகர், கட்கி, தாபோடி, பிம்பிரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, தேஹு ரோடு, தளேகாவ் என்று உழைப்பவர்கள் குடியிருக்கும் ஊர்களையெல்லாம் ஒரே கோட்டில் கோக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே பிம்பிரி-சிஞ்ச்வட் மட்டும் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தண்டவாளமோ இன்றும் இரண்டுதான். மும்பை விரைவு வண்டி, தெற்கே போகும் நெடுந்தூர வண்டி, சரக்கு வண்டி எல்லாம் அதிலேயே போகின்றன. அவற்றுக்கெல்லாம் வழிவிட்டு மிஞ்சும் நேரத்தில்தான் லோக்கல்.

நண்பகலில் நிலைமை இன்னும் மோசம். பராமரிப்புக்காகத் தடம் ஒதுக்கப்படும் அந்த நேரத்தில் பல ஆண்டுகளாகவே வண்டிகளுக்கு இடையே நீண்ட இடைவெளி. ஓரிரு வண்டிகள் கூடுதலாக விட்டும் குறை தீரவில்லை. பிற்பகலில் முதல் ஷிப்ட் முடிந்து ஆகுர்டி ஸ்டேஷனுக்கு வருபவர்களைப் பாருங்கள். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி நடைமேம்பாலத்தில் நின்று அடுத்த வண்டி எப்போது என்று விசாரிக்கிறார்கள். நேரம் தெரிந்ததும் பாதிப் பேர் வந்த வழியே இறங்கி, பழைய மும்பை நெடுஞ்சாலைக்கு நடந்து ஷேர் ஆட்டோ பிடிக்கிறார்கள். லோக்கலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். அந்த மலிவான வண்டி வேண்டிய நேரத்தில் இல்லாததால், கூலியில் ஒரு பங்கைச் சாலையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இதை நேர அட்டவணைக் கோளாறு என்று சொல்லிக் கடந்துபோக எங்களுக்கு மனம் வரவில்லை.

டெல்லி–மீரட் தடத்தில் 2023 அக்டோபர் முதல் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் நமோ பாரத் வண்டி ஓடுவதைப் பார்த்து, நமக்கும் அப்படியொன்று வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அதற்காக 82 கிலோமீட்டர் புதுத் தடம் போட வேண்டியிருந்தது. நமக்குத் தடமும் ஸ்டேஷன்களும் மின்கம்பியும் ஏற்கெனவே இருக்கின்றன. சென்னையில் எழும்பூர்–தாம்பரம் இடையே நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கொரு வண்டி வருவதற்குக் காரணம், புறநகர் வண்டிகளுக்கென்று அங்கே தனித் தடம் இருப்பதுதான். 1931-லேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கிய தடம் அது. மெட்ரோ வந்த பிறகும் அதன் தேவை குறையவில்லை.

புனே–லோனாவாலா கூடுதல் தடங்களுக்கு 2025-இல் மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் இந்த ஊரில் ஒப்புதலுக்கும் ஓட்டத்துக்கும் இடையே எவ்வளவு காலம் போகும் என்பதை மக்கள் அறிவார்கள். காலம் மட்டுமல்ல, பணமும் வீணாகிறது. ஹிஞ்சவாடி–சிவாஜிநகர் மெட்ரோவுக்காக, கட்டிப் பதினைந்து ஆண்டுகூட ஆகாத பல்கலைக்கழகச் சந்திப்பு மேம்பாலத்தை 2020-இல் இடித்தார்கள். பாலம் கட்டியவர்களும் ரயில் திட்டமிட்டவர்களும் முன்கூட்டியே ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பணம் வீணாகியிருக்காது. இன்று நகருக்குள் இரண்டு மெட்ரோ தடங்கள் மகா மெட்ரோவிடம், ஹிஞ்சவாடித் தடம் புனே பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையமான பிஎம்ஆர்டிஏவின் பொறுப்பில், லோக்கல் மத்திய ரயில்வேயிடம், பேருந்து பிஎம்பிஎம்எல்லிடம். பயணி ஒருவர்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுக்கிறார். எனவே பேருந்து, மெட்ரோ, லோக்கல் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் புதுத் தண்டவாளத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. சிவாஜிநகர், கட்கி, தாபோடி, காசர்வாடி, பிம்பிரி ஆகிய இடங்களில் லோக்கலும் மெட்ரோவும் பக்கம் பக்கமாகவே போகின்றன. அங்கே மழையில் நனையாமல் மாறிப்போகக் கூரையிட்ட நடைபாதையை உடனே தொடங்கலாம்.

கிழக்கே தௌண்ட் பக்கம் இன்னும் முழுமையான லோக்கல் சேவை இல்லை. ஹடப்சர், லோணி, உருளி மக்களும் இதே பெருநகரில் வேலை செய்பவர்கள்தான். லோனாவாலா தடம் விரிவாகும்போது அவர்களையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

ஒன்றில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். புதுத் தடம் போட நிலம் எடுக்கும்போது முதலில் அடிபடுபவர்கள் தண்டவாளத்தை ஒட்டி வாழும் குடும்பங்கள். வீட்டு வேலை, துப்புரவு, கட்டட வேலை என்று இந்த நகரைத் தாங்குகிறவர்கள் அவர்கள். மாற்று வீட்டின் சாவி கையில் வந்த பிறகுதான் பழைய வீட்டில் கை வைக்க வேண்டும். அந்த மாற்று வீடும் அதே தடத்தில், ஒரு ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். இதற்கு எழுத்துபூர்வமான உறுதி இல்லாமல் தொடங்கும் எந்தப் பணியையும் நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

கூடுதல் தண்டவாளம் தயாராகும்வரை, பராமரிப்பு நேரத்தை நள்ளிரவுக்கு மாற்ற இயலுமா என்பதை மத்திய ரயில்வே ஆராய்ந்து பயணிகளுக்குப் பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டும். நிலம் எடுப்பு எந்த அளவில் இருக்கிறது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மராத்தியிலும் இந்தியிலும் ஒட்ட வேண்டும். இந்தக் கோரிக்கைகளைப் புனே ரயில்வே கோட்ட மேலாளரிடமும் பிஎம்ஆர்டிஏவிடமும் எழுத்தில் அளிக்கிறோம்.