500 ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் பைக் வீல் இல்லை

வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுற இடத்துல இன்னைக்கு பைக் வீலைப் பத்தி எழுதறேன். காரணம் இருக்கு.

சித்தையன்கோட்டையில இருந்து செம்பட்டி வழியா தினமும் திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போய்வருபவன் நான். போன மழைக்காலத்துல ஒருநாள் ராத்திரி, தண்ணி நின்ன பள்ளம் தெரியாம பின் வீல் 'டம்'னு இறங்கியது. பஞ்சர். வழியில ஒரு கடையில வீலைக் கழற்றி, ஒட்டி, மாட்டிக் கொடுத்தாங்க. "சீக்கிரம் அண்ணே"னு அவசரப்படுத்தினது நான்தான்.

ரெண்டு நாள் கழிச்சு வண்டி கழுவும்போது பார்த்தேன். பின் பிரேக் பிளேட்டைப் பிடிச்சிருக்கிற கம்பியோட நட்டு பாதி கழன்றிருந்தது. நட்டு கழலாம இருக்கப் போட வேண்டிய காட்டர் பின் இல்லவே இல்லை. அந்தக் கம்பி முழுசா கழன்ற பிறகு பிரேக்கை மிதிச்சா, பிளேட்டும் சக்கரத்தோட சேர்ந்து சுத்தப் பார்க்கும். ஓடுற வீல் அப்படியே பூட்டிக்கலாம். ஒரு டீ காசுகூட ஆகாத பின் அது!

2022ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நம்ம சம்பளத்தை நம்பித்தான் வீட்டு இஎம்ஐயும் தங்கச்சி ஃபீஸும் இருக்கு. அந்தச் சம்பளத்தைத் தினமும் வேலைக்குச் சுமந்துட்டுப் போறது ரெண்டு சக்கரம். அதனால என் கருத்து இதுதான்: செலவைக் குறைக்கணும்னா ஓடிடி, ஸ்விகியில குறைங்க. வீல்ல குறைக்காதீங்க.

பள்ளத்துல பலமா இறங்கினா அடுத்த நாள் காலையில 10 நிமிஷம் ஒதுக்குங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு வீலைச் சுத்திவிடுங்க. ரிம் பக்கவாட்டுல ஆடுதா, மேலும் கீழும் குதிக்குதானு பாருங்க. வீலை ரெண்டு கையால பிடிச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைங்க. லொடலொடன்னு ஆடினா பேரிங்கைச் சந்தேகப்படணும். ஸ்போக்ஸ் கம்பியா இருந்தா ஒவ்வொண்ணா தட்டுங்க. மத்ததெல்லாம் 'டிங்'னு கேட்க, ஒண்ணு மட்டும் 'டொக்'னு கேட்டா அது தளர்ந்திருக்கு. அலாய் வீல்ல விரிசல் தெரிஞ்சா வெல்டிங் வேண்டாம், மாத்திடுங்க. டயர் பக்கவாட்டுல புடைப்பு இருந்தாலும் அதே பதில்தான்.

வீலைத் திரும்ப மாட்டும்போது கடையில பக்கத்துல நில்லுங்க. ஃபோனைப் பைக்குள்ள வைங்க. டயர்ல இருக்கிற அம்புக்குறி ஓடுற திசையைப் பார்க்குதா? செயினுக்கு ரெண்டு பக்கமும் அட்ஜஸ்டர் கோடு ஒரே அளவில் இருக்கா? பிரேக் பிளேட் கம்பியும் ஆக்சில் நட்டும் சரியா முடுக்கியாச்சா? காட்டர் பின் உள்ள இடத்துல புதுசு போட்டாங்களா? பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி வளைச்சா அது உடைஞ்சுடும். எவ்வளவு இறுக்கணும்னு உங்க வண்டி மேனுவல்ல இருக்கு. 'கை பலம்' கணக்கு இல்லை. டிஸ்க் பிரேக்னா, லீவர் கெட்டியாகுற வரைக்கும் அமுக்கிப் பார்த்துட்டுத்தான் ஓட்டணும். முதல்ல மெதுவா ஓட்டி, பிரேக் பிடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் மெயின் ரோட்டுக்கு வாங்க.

"இன்சூரன்ஸ் இருக்கே"ங்கிறவங்களுக்கு: தர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வெச்சிருந்தா, உங்க வீலுக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசியிலும் வழக்கமா டயருக்குப் பாதிதான்; அதுவும் வண்டியின் வேற பாகமும் சேதமானால்தான். க்ளெய்ம் எடுத்தா, வருஷா வருஷம் 20 சதவீதத்துல தொடங்கி 50 வரைக்கும் வளரும் நோ க்ளெய்ம் போனஸும் போயிடும். சின்ன வீல் வேலைக்கு க்ளெய்ம் போடுறது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு.

அதுக்குப் பதிலா மாசம் 300 ரூபாயை ஒரு ஆர்டியில 'வண்டி'னு பேர் வெச்சுப் போடுங்க. வருஷத்துல 3,600 ரூபாய். டயர் தேஞ்சா, பேரிங் போனா, அடுத்த சம்பளம் வரைக்கும் தள்ளிப்போட வேண்டியதில்லை. நம்மில் பலர் தேஞ்ச டயர்ல ஓடுறது தெரியாம இல்லை; 25ஆம் தேதி கையில காசு இல்லாமதான்.

பஞ்சர் ஒட்டினதும் "எவ்வளவு அண்ணே?"னு கேட்கிறோம். அதுக்கு முன்னாடி "பின் போட்டாச்சா அண்ணே?"னு ஒரு தடவை கேட்டுப் பழகுங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க வண்டியைப் பார்த்துடுங்க. அடுத்த வீடியோவில சந்திப்போம்.