சத்தம் போடுற வால்வைத் திட்டாதீங்க



வழக்கமா அன்னதானம், கூட்டுப்பணி பற்றித்தான் எழுதுவேன். இன்றைக்குப் பழைய காரைப் பற்றி. நம்ம ஆலயத்துக்கு வருகிறவர்கள் சிலர் வீட்டில் அப்பா காலத்து மோரிஸ் மைனர் இன்னும் நிக்குது. "வால்வு போச்சு, ஆயிரக்கணக்கில் செலவாகும், இரும்புக்கடைக்குப் போட்டுடலாமா"ன்னு என்னிடம் கேட்கிறாங்க. போடுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

மோரிஸ் மைனர் 1948-இல் வெளிவந்த கார். தோட்டத்துக் கிராணி, தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஓட்டின கார்னு நம்ம பெரியவங்க சொல்வாங்க. இப்போ மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மைனர் 1000. 948 சிசி, இல்லைன்னா 1098 சிசி எஞ்சின். நாலு சிலிண்டர், எட்டு வால்வு, கம்ப்யூட்டர் கிடையாது. வீட்டுப் போர்ச்சிலேயே பார்க்கக்கூடிய எஞ்சின்.

என் கருத்து இதுதான். நம்ம ஆளுங்க வால்வு சத்தத்துக்குத்தான் பயப்படுறாங்க. உண்மையில் பயப்பட வேண்டியது சத்தமில்லாத வால்வுக்கு.

எப்படின்னு சொல்றேன். வால்வு மூடியிருக்கும்போது ராக்கர் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கணும். இந்த எஞ்சினுக்கு அது 0.012 அங்குலம், அதாவது சுமார் 0.30 மில்லிமீட்டர். எஞ்சின் ஆறியிருக்கும்போது அளக்கணும். எக்ஸாஸ்ட் வால்வு வேலை செய்வது நெருப்புக்கு நடுவே. அது தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் போய் அழுந்தி உட்காரும்போதுதான் இறக்கி வைக்குது. டிக் டிக் சத்தம் பிடிக்கலைன்னு இடைவெளியைக் குறைச்சா, வால்வு முழுசா உட்காராது. சூடு இறங்காது. ஓரம் எரிஞ்சு போகும். இடைவெளி கொஞ்சம் அதிகமானா சத்தம் வரும், தேய்மானம் வரும், ஆனா நமக்கு முன்கூட்டியே தெரியும். குறைஞ்சா ஒண்ணும் தெரியாது. காரு பெருமாள் மாதிரி அமைதியா இருக்கும், உள்ளே வால்வு வெந்துகிட்டு இருக்கும்.

இன்னொரு விஷயம். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் செஞ்சது. அந்த ஈயம் வால்வு சீட்டைத் தேயாமல் காப்பாத்துச்சு. இப்போ அந்தப் பெட்ரோல் கிடையாது. சாதாரண வார்ப்பிரும்பு சீட்டா இருந்தா, நெடுஞ்சாலையில் வேகமா ரொம்ப நேரம் ஓட்டும்போது எக்ஸாஸ்ட் சீட் தேயும், வால்வு மெல்ல மேலே ஏறி ஹெட்டுக்குள்ளே புதையும். அப்போ இடைவெளி தானாகவே குறையும். "முன்னைவிட இப்போ சத்தம் குறைஞ்சிருக்கு"ன்னு சந்தோஷப்படுறவங்க, அன்றைக்கே அளந்து பார்க்கணும்.

பேக்டரியில் நாங்க மெஷினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அளந்து எழுதி வைப்போம். காருக்கும் அதே முறைதான்.

முதல்ல ஃபீலர் கேஜ் வாங்குங்க, சில வெள்ளிதான். இக்னிஷனை ஆஃப் பண்ணி, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினா எஞ்சின் லேசா சுத்தும். முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுத்தலாம். ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்க. 8-ஆவது வால்வு முழுசா அழுந்தித் திறந்திருக்கும்போது 1-ஆவதை அளக்கணும். 7 திறந்திருந்தா 2. ரெண்டு எண்ணையும் கூட்டினா எப்பவும் 9 வரணும். இதில் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். எட்டு அளவையும் ஒரு நோட்டில் தேதியோட எழுதுங்க.

இடைவெளி சரியா வச்ச பிறகும் சத்தம் வந்தா, ராக்கர் நுனி தேஞ்சு குழி விழுந்திருக்கலாம். ஃபீலர் கேஜ் தகடு அந்தக் குழிக்கு மேலே பாலம் மாதிரி நிற்கும், பொய்யான அளவு காட்டும். இதுக்கு மருந்து ராக்கரை மாத்துறது. இன்னும் டைட் பண்றது இல்லை.

அடுத்தது கம்ப்ரெஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவா, நல்ல அளவா இருந்தா ஹெட்டைத் தொடாதீங்க. ஒண்ணு மட்டும் குறைஞ்சா, அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி மறுபடி அளங்க. அளவு ஏறினா ரிங் தேய்மானம். ஏறாவிட்டா வால்வு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேர்ந்து குறைஞ்சா ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்க. பழைய போமன்கள் வழி ஒண்ணு உண்டு. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது எக்ஸாஸ்ட் குழாய் வாயில் ஒரு வெள்ளி நோட்டைப் பிடிங்க. நோட்டை அப்பப்போ உள்ளே இழுத்தா, எக்ஸாஸ்ட் வால்வு எரிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்.

வால்வுதான்னு உறுதியானா ஹெட்டைக் கழற்றணும். ராத்திரி முழுக்க ஆறவிட்ட எஞ்சினில் மட்டும் கழற்றுங்க. நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமா, வரிசைப்படி தளர்த்துங்க, இல்லைன்னா ஹெட் வளையும். வார்ப்பிரும்பு கனம், தூக்க ரெண்டு பேர் வேணும். புஷ் ராடுகளை அட்டையில் ஓட்டை போட்டு நம்பர் எழுதிக் குத்தி வைங்க. ஸ்ப்ரிங்கை அழுத்தும்போது கண்ணாடி போடுங்க, கோட்டர் துள்ளி விழும்.

லேசான புள்ளி விழுந்த வால்வைக் கிரைண்டிங் பேஸ்ட் தடவி வீட்டிலேயே தேய்க்கலாம். சுத்திலும் உடையாத சாம்பல் நிற வளையம் தெரிஞ்சா போதும். பேஸ்ட் துளிகூட உள்ளே தங்கக்கூடாது. ஓரம் எரிஞ்ச வால்வுக்குப் புதுசு போடணும். சீட் புதைஞ்சிருந்தா தேய்க்கத் தேய்க்க இன்னும் புதையும். அந்த ஹெட்டை மெஷின் ஷாப்புக்கு எடுத்துட்டுப் போய்க் கடினமான சீட் வளையம் போடச் சொல்லுங்க. அது வீட்டு வேலை இல்லை. திரும்ப மாட்டும்போது ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே வரிசைப்படி 40 அடி-பவுண்டுக்கு ஏத்துங்க. கொஞ்சம் ஓட்டிவிட்டு ஆறின பிறகு நட்டையும் வால்வு இடைவெளியையும் மறுபடி பாருங்க.

"எல்லாத்தையும் போமனிடம் விட்டா என்ன"ன்னு கேட்கலாம். விடலாம். ஆனா கையில் எட்டு அளவும் நாலு கம்ப்ரெஷன் எண்ணும் எழுதின நோட்டோட போங்க. அப்போ பேச்சு வேற மாதிரி இருக்கும். தேவையில்லாத செலவும் குறையும்.

வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கிற காருக்கு அவசரப்பட்டு சீட் மாத்தவும் வேணாம். சில மாசத்துக்கு ஒருமுறை அளங்க. ஒரே எக்ஸாஸ்ட் வால்வு திரும்பத் திரும்ப டைட் ஆச்சுன்னா அந்த சீட் புதையுதுன்னு அர்த்தம். அப்போ முடிவெடுங்க.

பிள்ளைங்களையும் பக்கத்தில் உட்கார வைங்க. அவங்க சுத்தட்டும், நீங்க அளங்க. நோட்டில் தாத்தா காரோட கணக்கு அவங்க கையெழுத்தில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தா வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு அன்னதானக் கூடத்தில் என்னைப் பாருங்க. மறக்காம நோட்டோட வாங்க.