ஆம்னிக்கு அலாய் வீல் போடப்போறீங்களா? டயர்ல இருக்குற இந்த நம்பரை முதல்ல பாருங்க!

பெரம்பலூர் நான்கு ரோட்டிலோ, அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கமோ பத்து நிமிஷம் நின்று பாருங்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கும் சிமென்ட் லாரிகளுக்கும் நடுவில் எப்படியும் ஒரு மாருதி ஆம்னி உங்களைக் கடந்துபோகும். உள்ளே ஸ்கூல் பசங்களோ, சின்ன வெங்காய மூட்டையோ, காதுகுத்துக்குப் போகும் ஒரு குடும்பமோ இருக்கும்.

1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019-ல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட வண்டி இது. தமிழ் சினிமாவில் ஆள் கடத்தல்னாலே இந்த வேன்தான். இப்போது இன்ஸ்டா ரீல்ஸில் அதே ஆம்னி, 13 இன்ச் அலாய் வீலும் அகலமான டயருமாக 'கிளாசிக்' ஆகிவிட்டது. அப்பா ஓட்டிய வண்டியை அப்படி மாற்றிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது?

விலையும் அந்த ஆசைக்குத் தோதாகவே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயர்களுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 2,500 ரூபாய் வரும் டயர் என்றால், 3,200 கொடுத்த இடத்தில் இப்போது 2,950 கொடுத்தால் போதும். நான்கு டயருக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம். ஆனால், அந்த மிச்சத்தைத் தப்பான டயரில் போட்டுவிடக் கூடாது.

பெருசா இருக்கும், ஆனா தாங்காது!

நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப் தொழிற்சாலையே இருக்கும் மாவட்டம் பெரம்பலூர். ஆனாலும் டயர் வாங்கும்போது நம்மில் பலர் பார்ப்பது பிராண்டும் பட்டன் டிசைனும்தான். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

ஆம்னிக்குக் கம்பெனி கொடுத்த டயர் 145 ஆர்12 எல்.டி, 6 பி.ஆர். இதில் 'எல்.டி' என்பது லைட் டிரக் வகை. '6 பி.ஆர்' என்பது டயரின் உறுதியைச் சொல்லும் பிளை ரேட்டிங். குட்டி வேனாக இருந்தாலும் ஆளும் சுமையும் ஏற்றும் வண்டி என்பதால் இந்த டயர்.

கடையில் இதே 12 இன்ச்சில் 145/80 ஆர்12 என்று இன்னொரு டயரும் கிடைக்கும். சின்ன கார்களுக்கான டயர் அது. அளவு ஒன்றுதான், ரிம்மிலும் கச்சிதமாக உட்காரும். ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. வித்தியாசம் எங்கே என்றால், சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்க எண்ணில். அதுதான் லோடு இண்டெக்ஸ். சரியான காற்றழுத்தத்தில் ஒரு டயர் எத்தனை கிலோ தாங்கும் என்பதை அந்த எண் சொல்கிறது.

73 என்றால் 365 கிலோ. 74 என்றால் 375. 77 என்றால் 412. 80 என்றால் 450. இந்த நாலு எண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

ஒரு சின்ன கணக்கு

எட்டு சீட் ஆம்னியின் வெறும் எடை சுமார் 800 கிலோ. ஆளுக்கு 65 கிலோ என்று எட்டுப் பேர் ஏறினால் 520 கிலோ. மொத்தம் 1,320. முன்னால் இரண்டு பேர், பின்னால் ஆறு பேர். அதனால் 60 சதவிகித எடை பின் சக்கரங்களில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 792 கிலோ. அப்படியென்றால் பின்பக்கம் ஒவ்வொரு டயரின் மேலும் 396 கிலோ.

இப்போது ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். ரீல்ஸில் அழகாகத் தெரியும் 155/65 ஆர்13 டயரில் லோடு இண்டெக்ஸ் 73 என்றால், 31 கிலோ ஓவர்லோடு. 74 போட்ட 145/80 ஆர்12 டயரிலும் 21 கிலோ ஓவர்லோடு. 77 உள்ள 165/65 ஆர்13 தாங்கும், ஆனால் மிச்சம் வெறும் 16 கிலோ. 80 உள்ள எல்.டி டயரில் 54 கிலோ மிச்சம் இருக்கும். டயரில் '80/78' என்று இரண்டு எண் இருந்தால், முதல் எண்தான் உங்களுக்கு. இரண்டாவது எண், ஒரே பக்கத்தில் ஜோடிச் சக்கரம் ஓடும் வண்டிகளுக்கானது.

வீல் பெரிதானதால் வண்டி பலமாகிவிட்டது என்று நினைக்கிறோம். கணக்கு அதற்கு நேரெதிராகச் சொல்கிறது. அதிகச் சுமை ஏறிய டயர் உருளும்போது கூடுதலாக மடங்கும், மடங்க மடங்கச் சூடாகும். சித்திரை வெயிலில், சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில், காற்றும் கொஞ்சம் குறைவாக இருந்தால் அந்தச் சூடு வெடிப்பில் முடியலாம். ஆம்னிக்கு மூக்கே கிடையாது. ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகடு. புதிய விபத்துப் பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் இந்த வண்டியின் தயாரிப்பே நின்றது. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்

அடுத்தது டயரின் மொத்த உயரம். 145 ஆர்12 டயரின் விட்டம் ஏறக்குறைய 537 மில்லிமீட்டர். 165/65 ஆர்13 என்றால் 545. ஒன்றரை சதவிகிதம்தான் கூடுகிறது, பிரச்னை இல்லை. ஆனால் '13 இன்ச் ரிம்தானே' என்று 155/80 ஆர்13 மாட்டினால் விட்டம் 578 ஆகிவிடும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 65-ல் ஓடிக்கொண்டிருக்கும். 796 சிசி இன்ஜின் ஏற்றத்தில் திணறும். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசவும் வாய்ப்பு உண்டு. பழைய டயரின் விட்டத்தோடு இரண்டு, மூன்று சதவிகித வித்தியாசத்துக்குள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ரிம்மையும் கவனிக்க வேண்டும். போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, நடு ஓட்டையின் அளவு, ஆஃப்செட் மூன்றும் ஆம்னிக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத ரிம்மை ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளினால் பார்க்க கெத்தாக இருக்கும். அதன் சுமை முழுக்க வீல் பேரிங்கில் இறங்கும். அலாய்க்கு ஏற்ற நட்டுகளையும் சேர்த்தே வாங்குங்கள், பழைய ஸ்டீல் ரிம் நட்டு சரியாக உட்காராமல் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடம் இருக்கிறது. மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர், சோதனையில் முதலில் கண்ணில் படும்.

20 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 5,000-லிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. அவ்வளவு கட்டி வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய்விட்டு, வீலுக்காகத் திரும்பி வருவது தேவையா? அலாய் போட்டால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

அப்போ என்னதான் போடுறது?

வண்டியில் ஏறப்போவது யார் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். ஸ்கூல் டிரிப், காய்கறி லோடு, எட்டுப் பேர் கோயில் பயணம் என்றால் யோசனையே வேண்டாம். 12 இன்ச்சிலேயே அலாய் வாங்கி, 145 ஆர்12 எல்.டி 6 பி.ஆர் டயரையே போடுங்கள். அழகும் வரும், பலமும் குறையாது. நாலைந்து பேர் மட்டும் போகும் ஞாயிற்றுக்கிழமை வண்டி என்றால், லோடு இண்டெக்ஸ் 77-க்குக் குறையாத 165/65 ஆர்13 பற்றி யோசிக்கலாம். அதன் பிறகு வெங்காய மூட்டை ஏற்றக் கூடாது. நாளைக்கு வண்டியைக் கைமாற்றினால் வாங்குபவரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வாங்கும்போது டயரில் இருக்கும் நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள். '2319' என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஆம்னியோடு வந்த ஒரிஜினல் ஸ்டெப்னி இன்னும் பின்னால் கிடந்தால் அதற்கும் அவ்வளவு வயதாகியிருக்கும். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் வெடித்திருக்கும், மாற்றிவிடுங்கள். 13 இன்ச்சுக்குப் போனால் ஸ்டெப்னியும் 13 இன்ச்தான் வேண்டும். ஆக, பட்ஜெட்டை நாலு டயருக்குப் போடாதீர்கள், ஐந்துக்குப் போடுங்கள்.

வீலை முடிவு பண்ணிவிட்டு அதற்கு டயர் தேடுவதுதான் எல்லோரும் செய்வது. நீங்கள் டயரை முடிவு பண்ணிவிட்டு வீல் தேடுங்கள். கடைக்காரரிடம் "அண்ணே, இதுல லோடு இண்டெக்ஸ் எவ்ளோ?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை டயரில் நீங்களே ஒருமுறை படித்தும் பாருங்கள்.