தமிழுக்கு அமைதி, அரபுக்கு மட்டும் வழுவா?

காரியாபட்டியிலிருந்து மதுரை போகிற பஸ்ஸில் சீனியர் அண்ணன் ஒருவர் ஆரம்பித்தார். "குர்ஆன்ல 'நீங்க'ன்னு ஆரம்பிச்சு, அதே வசனத்துல 'அவங்க'ன்னு போகுது. இலக்கணமே தெரியாம எழுதிருக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். என் முஸ்லிம் நண்பன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

அவர் சொன்னது 10-வது அத்தியாயம், 22-வது வசனம். கப்பலில் இருக்கும்போது 'நீங்கள்', நல்ல காற்றில் அது ஓடத் தொடங்கியதும் 'அவர்கள்'. ஜெர்மன் அறிஞர் நோல்டெக்கேயும் 1910-ல் இப்படிப்பட்ட மாற்றங்களைக் குறை சொன்னவர்தான். ஆனால் 1144-ல் இறந்த ஸமக்ஷரீ அப்போதே காரணம் எழுதிவிட்டார். அவர்கள் நிலைமையை அடுத்தவரிடம் காட்டி, 'பாருங்க இவங்களை' என்று வியக்க வைக்கிற உத்தியாம். அரபு அணியிலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு: இல்திஃபாத், அதாவது திரும்புதல்.

அட, நன்னூலில் இல்லாததா? பசுவை "அம்மா வந்தாள்" என்றால் திணை வழுவமைதி என்று எழுதி மார்க் வாங்கினோமே! எங்க ஊர் தாத்தா "இந்தக் கிழவன் பொய் சொல்ல மாட்டான்" என்று தன்னையே சொன்னால் அது இட வழுவமைதி. அரபுக்காரன் செய்தால் மட்டும் தப்பா?

எதிர்க்கட்சிக்கும் ஒரு குட்டு. பிழை இல்லை என்பதாலேயே இறைவாக்கு என்று நிரூபணம் ஆகிவிடாது. 'அற்புதம்' என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்தாமல் வாசித்துக் காட்டுங்கள். முதல் அத்தியாயத்தில் நான்கு வசனம் வரை படர்க்கை, ஐந்தாவதில் சட்டென்று 'நீ'. தூரத்திலிருந்து புகழ்ந்துகொண்டே வந்தவன் நேருக்கு நேர் நின்றுவிடுகிறான். இதை ரசிக்க நான் முஸ்லிமாக இருக்க வேண்டுமா என்ன?

அண்ணே, நாளைக்கும் அதே பஸ்தான். நன்னூலோடு வருகிறேன்.