கைதட்டும் கரங்கள் எங்கே?

சென்ற ஆகஸ்டு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நம் பள்ளிக் கூடைப்பந்து மைதானத்தில் வட்டாரப் போட்டி ஒன்று நடைபெற்றது. களத்தில் ஆடியவர் பத்துப் பேர். நடுவரையும் புள்ளி குறிப்பவரையும் விட்டுவிட்டால், பார்த்தவர் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? ஒன்பதே பேர்! அவர்களிலும் இருவர் எதிரணிப் பெண்களின் தாய்மார். ஒருவர் நம் வாயிற்காவலர் தாத்தா. இரண்டே புள்ளிகள் வித்தியாசத்தில் நம் அணி வென்றது. வென்ற மகிழ்ச்சியில் நம் அணித் தலைவி நிமிர்ந்து படிக்கட்டுகளைப் பார்த்தாள். அங்கே புத்தகப் பைகள் இருந்தன, பிள்ளைகள் இல்லை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை சிஸ்டர் வெற்றியை அறிவித்தபோது நாங்கள் எல்லோரும் பலமாகக் கைதட்டினோம். வகுப்புக்குத் திரும்பும் வழியில் அவள், "இந்தக் கைதட்டலை அன்றைக்கே தட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்று நாங்கள் எங்கே போயிருந்தோம்? சிலர் டியூஷனுக்கு. சிலர் பேருந்தைப் பிடிக்க. இன்னும் சிலர், "யாராவது வீடியோ எடுத்து அனுப்புவார்கள், வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று போய்விட்டோம். வீடியோவும் வந்தது. அதில் பந்து தெரிந்தது, கூடை தெரிந்தது. நம் தோழியின் முகம் மட்டும் தெரியவில்லை.

இதைக் குறித்து எங்கள் உடற்கல்வி ஆசிரியையிடம் வருந்தியபோது, "இது உங்களுடைய குறை மட்டும் அல்ல. கூடைப்பந்து பிறந்த அமெரிக்காவிலேயே பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு மாணவர் கூட்டம் குறைகிறது என்று கவலைப்படுகிறார்கள். ஏன் என்று தேடிப் பாருங்கள்" என்றார். தேடினோம், படித்தோம், எங்களுக்குள் வாதிட்டோம். எங்கள் முடிவு இதுதான்: காட்சியிருக்கைகள் காலியாவதற்கு மாணவரின் சோம்பல் மட்டுமே காரணம் அன்று. நடத்துவோர் மாணவரைத் தள்ளி வைத்ததும் காரணம். ஆகவே மருந்தும் இரு பக்கத்திலிருந்தும் வரவேண்டும்.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த விளையாட்டை உருவாக்கினார். உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் இரண்டு பீச் பழக் கூடைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டார். மேல்மாடத்தில் நின்று பார்த்தவர்கள் சும்மா இருந்தார்களா? தங்கள் அணிக்குச் சாதகமாகக் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டார்கள்! அதைத் தடுக்கத்தான் கூடைக்குப் பின்னால் பலகை வைக்கப்பட்டது. இன்று நம் மைதானத்தில் நிற்கும் அந்தப் பலகை, ரசிகரின் ஆர்வம் தந்த பரிசு என்றால் மிகையாகாது. பார்ப்பவர் தொடக்கம் முதலே இந்த ஆட்டத்தின் ஓர் அங்கம்.

பெண்கள் ஆட்டத்திலும் அப்படியே. அதே மாநிலத்தில் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் சென்டா பெரென்சன் என்னும் ஆசிரியை 1893 மார்ச் மாதத்தில் மாணவியர் போட்டி ஒன்றை நடத்தினார். ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆயினும் கூடம் நிரம்பி வழிந்தது. தத்தம் வகுப்பின் வண்ணங்களை ஏந்தி மாணவியரே வந்து குவிந்தனர்.

அத்தகைய நாட்டில் இன்றைய நிலை என்ன? ஆடவர் பல்கலைக்கழகப் போட்டிகளில், 2000-க்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் நடுவில் உயர்ந்திருந்த சராசரிக் கூட்டம், அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாக மெல்ல மெல்லச் சரிந்தது. கென்டக்கி பல்கலைக்கழக அணி ஆடும் ரப் அரங்கம் 1976-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 23,000 பேர் அமரக்கூடியதாக இருந்தது. 2019-இல் மேலடுக்கு நீள்பலகைகளை எடுத்துவிட்டுத் தனி நாற்காலிகள் போட்டார்கள். இடம் 20,500 அளவுக்குக் குறைந்தது. நிறைய பேர் வருவதைவிட, வருபவர் வசதியாக அமர்வதே முக்கியம் என்ற எண்ணம் அங்கும் வந்துவிட்டது. மேலும், பல இடங்களில் அறிவிக்கப்படும் எண்ணிக்கை வழங்கப்பட்ட சீட்டுகளின் கணக்கே. வாயிலைக் கடந்து உள்ளே வந்த தலைகளின் கணக்கு அன்று. சீட்டு விற்றிருக்கும், நாற்காலி காலியாக இருக்கும்.

காரணங்களைப் பார்ப்போம். முதலாவது, தொலைக்காட்சி. 1968 ஜனவரி 20 அன்று ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகமும் மோதின. நேரில் பார்த்தவர் 52,693 பேர். நாடெங்கும் மாலை நேரத்தில் ஒளிபரப்பான முதல் பருவகாலக் கல்லூரி ஆட்டமும் அதுவே. கல்லூரி ஆட்டத்தை வீட்டுக்கூடத்திற்குக் கொண்டுபோகலாம் என்று அன்று தெரிந்தது. 1979-இல் விளையாட்டுக்கென்றே இ.எஸ்.பி.என். என்னும் தொலைக்காட்சி நிறுவனம் தொடங்கிற்று. இன்றோ கைபேசியிலேயே பெரும்பாலான ஆட்டங்களைக் காணலாம்.

"அப்படியானால் தொலைக்காட்சியே குற்றவாளி" என்று தீர்ப்பளித்துவிட எங்களுக்கு மனம் இல்லை. மருத்துவமனையில் இருப்பவருக்கும் தொலைவில் வாழும் பெற்றோருக்கும் அது செய்யும் உதவி பெரிது. குறை எங்கே என்றால், ஆட்டத்தின் நேரத்தைத் தொலைக்காட்சியே குறிக்கத் தொடங்கியதில்தான். வாரநாளில் இரவு 9 மணிக்கு ஆட்டம் தொடங்கினால், காலையில் வகுப்பும், அதற்கு முன் பகுதிநேர வேலையும் உள்ள மாணவர் எப்படி வருவார்?

இரண்டாவது, இருக்கை. பல பல்கலைக்கழகங்களில் களத்தை ஒட்டிய நல்ல இடங்கள் பெருந்தொகை வழங்குவோருக்குப் போய்விட்டன. மாணவர் கூடைக்குப் பின்புறமோ மேலடுக்கிலோ ஒதுக்கப்பட்டனர். இதற்கு மாறாக டியூக் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1940-இல் திறக்கப்பட்ட அதன் கேமரன் உள்ளரங்கில் 9,314 பேருக்குத்தான் இடம். ஆனால் களத்தின் நீளவாட்டில், ஆடுபவரின் மூச்சுக்காற்று படும் தொலைவில் நிற்பவர் மாணவர்களே. 1986 முதல் பெரிய ஆட்டங்களுக்கு இடம் பிடிக்க அவர்கள் குளிரில் கூடாரமடித்துக் காத்திருக்கும் வழக்கம் உண்டு. பந்தியில் கடைசி இலையில் உட்கார வைத்துவிட்டு, "ஏன் விருந்துக்கு வரவில்லை?" என்று கேட்பது முறையாகுமா?

மூன்றாவது, உறவு அறுந்தது. சிரக்கியூஸ் பல்கலைக்கழகமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் 1979-இல் உருவான ஒரே கூட்டமைப்பில் ஆண்டுதோறும் மோதி, பெரும் போட்டி உணர்வை வளர்த்தவை. 2013-இல் சிரக்கியூஸ் வேறு கூட்டமைப்புக்குப் போய்விட்டது. 2024-இல் மேற்குக் கரையிலுள்ள யு.சி.எல்.ஏ., கிழக்குக் கரையிலுள்ள நியூஜெர்சி மாநிலப் பல்கலைக்கழகமும் இருக்கும் கூட்டமைப்பில் சேர்ந்தது. பெருகும் ஒளிபரப்பு வருமானமே இதற்கு முக்கிய காரணம். பக்கத்து ஊர்க்காரனோடு ஆடினால் ஊரே வரும். பெயர் தெரியாத ஊரோடு ஆடினால் யார் வருவார்? ஆட்டக்காரர்களும் நிலையாக இருப்பதில்லை. பள்ளி முடித்து ஓராண்டு கடந்த பின்னரே தொழில்முறை லீக்கில் சேரலாம் என்ற விதி 2006 முதல் நடைமுறையில் உள்ளதால், சிறந்தவர் பலர் ஓராண்டு மட்டும் ஆடிவிட்டுச் செல்கின்றனர். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு உடனே மாறி ஆடவும் 2021 முதல் வழி எளிதாயிற்று. வீரர் தம் நன்மையைத் தேடுவது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் முகம் பழகுவதற்குள் ஆள் மாறினால், பார்ப்பவர் மனத்தில் பாசம் எப்படி வேர்விடும்?

அன்பு வேர்விட்ட இடத்தில் கூட்டத்திற்குக் குறைவில்லை என்பதற்கும் சான்று உண்டு. அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் அந்த மாநிலத்திலேயே வளர்ந்தவர். கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். நான்கு ஆண்டுகளும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2023 அக்டோபர் 15 அன்று, திறந்தவெளிக் கால்பந்து அரங்கில் டிபால் பல்கலைக்கழகத்தோடு அவரது அணி ஆடிய காட்சி ஆட்டத்தைக் காண 55,646 பேர் திரண்டனர். 2024 ஏப்ரலில் தென் கரோலினா அணியோடு அயோவா ஆடிய மகளிர் இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் கண்டவர் சராசரியாக ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் மேல். ஆடவர் இறுதிப் போட்டியைக் கண்டவரை விட இது அதிகம்! பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார் என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஆனால் எங்கள் உள்ளத்தைத் தொட்டது அந்தப் பெருங்கூட்டம் அன்று. ஒரு சிறு கூட்டம். பென்சில்வேனியா மாநிலத்தில் இம்மாகுலாட்டா என்றொரு சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி. 1967-இல் அதன் விளையாட்டுக் கூடம் தீக்கிரையானது. அணியினர் கன்னியர் மடத்தின் கீழ்த்தளத்தில் பயிற்சி செய்தனர். பயிற்சியாளர் கேத்தி ரஷ் பெற்ற சம்பளம் ஒரு பருவத்துக்கு 450 டாலர். 1972-இல் முதல் தேசிய மகளிர் போட்டிக்குச் செல்லக் காசில்லாமல், பல் துலக்கும் பிரஷ்களை விற்றுப் பணம் திரட்டினார்கள். சென்றார்கள், வென்றார்கள்! 1973, 1974 ஆண்டுகளிலும் அவர்களே சாம்பியன்கள்.

அந்த அணிக்குக் கைதட்டியவர் யார்? அங்கியும் முக்காடும் அணிந்த கன்னியர்களே! கைதட்டல் போதாதென்று தகர வாளிகளைத் தட்டி ஓசை எழுப்பினார்களாம். நம் சிஸ்டர்களும் ஒரு நாள் சமையலறை வாளிகளோடு மைதானத்துக்கு வந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். (சிஸ்டர்கள் மன்னிக்க!) யாரும் கவனியாத நாளில் அந்த வாளியோசை இருந்தது. 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் அதே அணி ஆடியபோது ஏறத்தாழ 12,000 பேர் வந்தனர். பன்னிரண்டாயிரம் பேரின் ஆரவாரம் முதலில் சில வாளிகளின் ஓசையாகத்தான் தொடங்கிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

சிகாகோ லொயோலா பல்கலைக்கழகத்தின் சிஸ்டர் ஜீனையும் இங்கே நினைக்க வேண்டும். 1994 முதல் அங்கே கூடைப்பந்து அணியின் ஆன்மிக வழிகாட்டியாக இருந்தவர். 2018-இல் அவ்வணி தேசிய அளவில் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தபோது அவருக்கு வயது 98. சக்கர நாற்காலியில் அமர்ந்து அரங்குக்கே வந்தார். 2025 அக்டோபரில், தம் 106-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். தொண்ணூற்றெட்டு வயதில் அவர் வந்தார். பதினைந்து வயதில் நமக்குப் படிக்கட்டு ஏற முடியவில்லை!

"வீட்டிலிருந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" என்று சிலர் கேட்கலாம். பார்ப்பவருக்கு ஒன்றும் குறையாமல் இருக்கலாம். ஆடுபவருக்குக் குறையும். திரை நமக்கு ஆட்டத்தைக் காட்டும். ஆட்டக்காரிக்கு நம்மைக் காட்டாது. கடைசி நிமிடத்தில் கால் தளரும்போது, தன் பெயரைச் சொல்லி யாரோ கூவுவது அவள் காதில் விழ வேண்டும். கைபேசியில் அனுப்பும் கைதட்டல் படம் அதற்கு ஈடாகுமா?

நெய்ஸ்மித்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். ஆகவே அந்த ஊர் நமக்கு அந்நியம் அன்று. அதன் பாடமும் அந்நியம் அன்று.

எனவே பெரியோரிடம் எங்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, நம் பள்ளியில் நடைபெறும் போட்டிகளைக் கடைசிப் பாடவேளையில் தொடங்கினால், பேருந்தில் செல்லும் பிள்ளைகளும் பாதி ஆட்டமாவது காண்பர். இரண்டு, முன்வரிசை நாற்காலிகளை விருந்தினருக்கு மட்டும் ஒதுக்காமல், ஆறாம் வகுப்புத் தங்கைகளைக் களத்தின் ஓரத்திலேயே தரையில் அமர அனுமதிக்க வேண்டும். நாளைய அணி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பெற்றோரே, ஒரு மாலை டியூஷன் தவறினால் மதிப்பெண் தவறிவிடாது என்று எங்களை நம்புங்கள்.

தோழியரே, மீதி நம் கையில். ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேண்டும்? வடத்தைப் பிடிக்காமல் தேர் நகரவில்லையே என்று வருந்துவது பேதைமை. நம் அணிக்கு இவ்வாண்டில் இன்னும் ஓர் ஆட்டம் மீதமிருக்கிறது, ஜனவரி மாதத்தில். எங்கள் வகுப்பிலிருந்து நாற்பத்திரண்டு பேரும் வருவதாக வாக்களித்திருக்கிறோம். அணித் தலைவிக்கு இதை இன்னும் சொல்லவில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.

வாளி ஒன்றுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு