காபி கொடுத்தோம், காது கொடுக்கவில்லை

நம் குடும்பங்களில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மனக்கசப்புகளைத் தோண்டிப் பார்த்தால், பலவற்றின் அடியில் ஒரே வாக்கியம் கிடக்கும்: "அவங்க வீட்டுக்குப் போனேன், வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல." சொத்துத் தகராறைக்கூட மறந்துவிடுகிறவர்கள் இதை மறப்பதில்லை. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததால்தான் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் வந்து அதைச் சொன்னார்கள். அடுப்படியில் இருப்பவர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து "வாங்கண்ணே" என்பார். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை எழுந்து வந்து "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போகும். படுத்திருக்கும் பாட்டி எழுந்து உட்கார்ந்து, "வாப்பா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பாள். வந்தவரும் ஒவ்வொருவருக்கும் முகம் பார்த்துப் பதில் சொல்வார்.

இன்று கதவைத் திறக்கும் ஒருவர் சொல்வதோடு சரி. மற்றவர்கள் அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறோம். பிள்ளையைப் பற்றி விசாரித்தால், "உள்ள படிச்சிட்டு இருக்கான்" என்று நாமே அவனுக்காகப் பதில் சொல்லிவிடுகிறோம். அவன் வெளியே வந்து முகம் காட்டாததில் நமக்கு வருத்தம்கூட இல்லை. பிறகொரு நாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனிதர்களே வேண்டியதில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். எழுந்து வந்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போ என்று அவனிடம் நாம் கேட்கவே இல்லை.

பலகாரத்தில் குறை வைத்ததில்லை. தட்டு நிறைய முறுக்கும் மிக்சரும், டபராவில் காபி, கிளம்பும்போது கையில் பழம். கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். வள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னால் அன்புடைமை, அதற்கு அடுத்தபடி இனியவை கூறல். அன்புக்கும் இன்சொல்லுக்கும் நடுவில்தான் சோற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறார். முகர்ந்தால் வாடும் அனிச்சப்பூவைச் சொல்லி, நம் முகம் மாறினாலே விருந்தினர் வாடிவிடுவார் என்ற 90ஆம் குறளைப் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம். தேர்வு முடிந்ததும் பொருளை மறந்துவிட்டோம்.

முகத்தை எங்கே திருப்பினோம் என்பதற்கு நம் கூடங்களே சாட்சி. சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் வெள்ளிக்கிழமை இரவு ஒளியும் ஒலியும் பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடியபோது நாற்காலிகள் பெட்டியைப் பார்த்துத் திரும்பின. அன்று அதில் ஒரு நியாயம் இருந்தது. வந்தவர்களே பார்ப்பதற்காகத்தான் வந்தார்கள். 1993இல் சன் டிவி வந்தபின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொடர், ஒவ்வொரு தொடருக்கும் ஒரு நேரம் என்றானது. நாற்காலிகள் மீண்டும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பவேயில்லை. வந்தவரோடு பேசிக்கொண்டே கண்ணைத் திரையில் வைத்திருக்கப் பழகினோம். சத்தத்தைக் குறைத்ததையே பெரிய மரியாதையாக நினைத்தோம். பெட்டியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாற்காலிகளைத் திருப்பிப் போட்டவர்கள் நாம், இன்று கைப்பேசியைக் குப்புறக்கூட வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு "சொல்லுங்க, சொல்லுங்க" என்பவர்களும் நாம்தான்.

பேசிய பேச்சாவது நன்றாக இருந்ததா? கல்யாணமாகி ஓராண்டு ஆகாத பெண்ணிடம் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்டோம். நடுக்கூடத்தில், நாலு பேர் முன்னால் கேட்டோம். அவள் மருத்துவரிடம் நடையாய் நடந்துகொண்டிருக்கலாம், உண்டான கரு தங்காமல் போயிருக்கலாம் என்பது நமக்குத் தோன்றவில்லை. பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் வந்த பிள்ளையிடம் கட்-ஆஃப் கேட்டோம். வேலை போன இளைஞனிடம் "இப்ப என்ன பண்றீங்க தம்பி?" என்றோம், பதில் தெரிந்துகொண்டே. "ரொம்ப மெலிஞ்சிட்டியே", "இப்படிக் கறுத்துட்டியே" என்பதையெல்லாம் நலம் விசாரிப்பு என்று நம்பினோம். இவை எல்லாவற்றுக்கும் அக்கறை என்று பெயர் சூட்டிக்கொண்டோம். அந்தப் பெண்ணும் அந்தத் தம்பியும் இன்று கல்யாணம் காட்சிகளுக்கு வருவதில்லை. சொந்தபந்தம் தெரியாமல் வளர்ந்துவிட்டார்கள் என்று அவர்களையே சொல்கிறோம். வந்தால் என்ன கேட்போம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் நம்மிடம் உண்டு. "சொந்த ஊர் எது?" என்று தொடங்கி, "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று இறங்கி, சாதி தெரியும்வரை ஓயாத கேள்வி. மகனின் நண்பன் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதே அதைக் கேட்டிருக்கிறோம். வழிப்போக்கர் படுத்துறங்கத் திண்ணை கட்டி வைத்த பண்பாடு என்று பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை உண்மைதான். அதே திண்ணை சிலருக்கு அதைத் தாண்டக்கூடாத எல்லையாகவும் இருந்தது. வேறு சிலர் திண்ணையிலும் உட்கார முடியாமல் தெருவில் நின்று, கைகளைக் குவித்துத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950இலேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. கூடத்துக்குள் அதை நிறைவேற்ற எந்த அதிகாரியும் வரப்போவதில்லை, அது நம் பொறுப்பு. குழாய் பழுதுபார்க்க வந்தவருக்கும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் இன்னும் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் நாமும் காபி குடித்திருக்கிறோம், ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறோம்.

ஔவையாரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று. ஒருவன் அவரைச் சாப்பிட அழைத்து வருகிறான். வீட்டுக்காரியிடம் சொல்லப் பயந்து, பக்கத்தில் உட்கார்ந்து, முகம் திருத்தி, தலையில் ஈரும் பேனும் எடுத்துவிட்டு, மெல்ல விருந்து வந்திருக்கிறது என்கிறான். அவள் முறத்தால் அடித்து ஓட ஓட விரட்டுகிறாள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கதையைச் சொல்லி அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பானையில் அன்று அரிசி இருந்ததா, அழைப்பதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. இன்றும் ஆண்கள் நாம் கூடத்தில் உட்கார்ந்தபடியே "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று வந்தவரை அமுக்கி உட்கார வைக்கிறோம். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறோம். அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்தவள் மறுபடி அடுப்பைப் பற்ற வைக்கிறாள். பாத்திரம் வைக்கும் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது. வந்தவருக்கு அது புரிந்து, சோறு தொண்டையில் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார். புரியாத மாதிரி இருப்பது நாம் மட்டும்தான். வந்தவரிடம் காட்டும் நாசூக்கு அடுப்படியில் தொடங்கவேண்டியது. அதை அங்கே நாம் தொடங்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தை அறுப்பது வேறொன்று. "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், அப்படியே பார்த்துட்டுப் போகலாம்னு..." என்று இழுத்தபடி வருகிறவர்கள். நம் ஊரில் பெரும்பாலும் யாரும் காரியத்தை எடுத்தவுடன் சொல்வதில்லை. முதலில் மழையைப் பற்றிப் பேசுவார்கள், பிள்ளைகளின் படிப்பைக் கேட்பார்கள், செருப்பை விட்ட இடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். மகள் திருமணத்துக்குக் குறையும் பணமாக இருக்கலாம், இன்னும் யாரிடமும் சொல்லாத ஸ்கேன் ரிப்போர்ட்டாக இருக்கலாம், மருமகளோடு ஒத்துப்போகாத வேதனையாக இருக்கலாம். சொல்ல அவர்களுக்கு ஓர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் நாம் "அப்புறம்?" என்கிறோம், "வேற என்ன விசேஷம்?" என்கிறோம். கேட்பது போல் இருந்தாலும் கிளம்பலாம் என்பதற்கான மணி அது என்று இரண்டு பேருக்குமே தெரியும். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, போயிட்டு வரேன்" என்று எழுந்துகொள்கிறார். வந்த காரியம் அவரோடு திரும்பிப் போகிறது. சில மாதம் கழித்து வேறு யாரோ சொல்லித் தெரியும்போது, "நம்ம வீட்டுக்கு வந்தாரே, ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று வருத்தப்படுகிறோம். சொல்லத்தான் வந்தார்.

அனுப்புவதிலும் ஒரு முறை இருந்தது. தெருமுனை வரை, பஸ் ஸ்டாப் வரை கூடவே போவோம். பல நேரம் வாசலைத் தாண்டிய பிறகுதான் மனிதர்கள் மனம் திறப்பார்கள். பக்கத்தில் நடக்கும்போது எதிரில் முகம் இல்லாததால் சொல்வது எளிது. ஊருக்குக் கிளம்பியவர் போனவுடன் வீட்டைப் பெருக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதை மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்த்து விட்டுவிட்டோம். போனவர் கால்தடம் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்ற மரியாதையும் அதோடு போய்விட்டது. அடுக்குமாடியில் லிஃப்ட் வருவதற்குள் தாழ்ப்பாள் போடுகிறோம். வராந்தாவில் நிற்பவருக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. அதற்குள்ளேயே அவரைப் பற்றி உள்ளே பேச ஆரம்பித்துவிடுகிறோம், சில சமயம் அதுவும் கேட்கிறது.

இவற்றில் திருத்த முடியாதது எதுவும் இல்லை. பணம் வேண்டாம், பெரிய வீடு வேண்டாம். கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைக்கலாம். "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டு, வேண்டாம் என்று சொல்லும் சங்கடத்தை அவர் தலையில் ஏற்றாமல் இருக்கலாம். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வரலாம். கேள்வியைக் குறைத்து, அவர் பேச்சு நிற்கும் இடத்தில் நாமும் சும்மா இருந்து பார்க்கலாம். ஆண்கள் அழைப்பதற்கு முன் உள்ளே கேட்டுவிட்டு, நாமே அரிசி களையலாம்.

தை மூன்றாம் நாள் காணும் பொங்கல் வருகிறது. பெரியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, விழுந்து கும்பிட்டு, அவர்கள் கையால் காசு வாங்கிய நாள். சென்னையில் நம்மில் பலர் அதை மெரினாவுக்கும் வண்டலூருக்கும் கொடுத்துவிட்டோம். கடற்கரை எங்கும் போய்விடாது. அந்த நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமாகக் கிளம்பிப் போனவர் யார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, "போன தடவை ஏதோ சொல்ல வந்தீங்க பெரியப்பா, நான்தான் கேக்கல. இப்ப சொல்லுங்க" என்று ஆரம்பிக்கலாம்.